ஜீப்புக்குப் புதுப் பாடி: வீட்டு முற்றத்து நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2025, குலசேகரம்

பழைய பாடியை இன்று சேசியிலிருந்து, அதாவது வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து, பிரித்தாயிற்று. வண்டி மஹிந்திரா எம்எம் 540, ரப்பர் தோட்டத்திலேயே வயசானது. 2112 சிசி பியூஜோ டீசல் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. தகரம்தான் போய்விட்டது. ரப்பர் ஷீட் அடிக்க, பாலை உறையவைக்கக் கொண்டுபோகும் ஆசிட் கேன் வருஷக்கணக்காக ஒழுகித் தரையைத் தின்றிருக்கிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில் குனிந்தால் முற்றத்துக் கோழி தெரியும்.

ஜீப்பில் பாடி தனி, சேசி தனி. நடுவில் ரப்பர் பேட் வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். அதனால்தான் வீட்டில் வைத்து இந்த வேலையைச் செய்ய முடிகிறது. பாடியே சேசியாக இருக்கும் இந்தக் காலத்துச் சின்னக் கார்களில் இந்த யோசனையே வேண்டாம்.

போல்ட் எதுவும் ஸ்பேனருக்குப் பிடிகொடுக்கவில்லை. கிரைண்டரில் தலையைச் சீவி எடுத்தோம். தூக்குவதற்கு முன்பே, ஆள் ஏறும் வாய் இரண்டுக்கும் குறுக்கே எல் ஆங்கிள் வைத்துப் பற்றவைக்கச் சொன்னார், தகர வேலை பார்க்கும் டிங்கர் அண்ணன். துருப்பிடித்த பாடியைச் சும்மா தூக்கினால் நடுவில் விரிந்துவிடும். அப்புறம் எந்த அளவும் நம் கையில் நிற்காது. அயினி மரத்துக் கொம்பில் செயின் பிளாக் கட்டி மேலே ஏற்றினோம். டீசல் டேங்கும் பேட்டரியும் நேற்றே கழற்றி எடுத்தாயிற்று.

ஏப்ரல் 8

மச்சானுக்கு இதைப் பிக்கப்பாக மாற்றிவிட வேண்டும் என்று ஆசை. ரப்பர் ஷீட் ஏற்ற வசதியாம். வசதிதான், ஆனால் நடக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரமும் ஆர்சி புத்தகத்தில் இருப்பதும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிவிட்டது. அதனால் அதே உருவம், அதே சீட், அதே நீள அகலம். தகரம் மட்டும் புதுசு. ரோட்டில் பார்க்கிற ‘மாடிஃபிகேஷன்’ ஜீப்புகளின் மேல் எனக்கு மோகமும் இல்லை. பம்பர் பெரிதாகும், பிரேக் பழையதாகவே இருக்கும்.

சேசியை வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது சேசி நம்பர் அடித்த இடத்தை மட்டும் தொடவில்லை. அங்கே கிரீஸ் பூசி டேப் சுற்றியிருக்கிறேன். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அப்போது அந்த நம்பர்மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பார்கள். எழுத்து மழுங்கியிருந்தால் வண்டி யாருடையது என்பதிலிருந்து பேச்சு ஆரம்பிக்கும்.

ஏப்ரல் 13

குருத்தோலை ஞாயிறு. ஆராதனை முடியும்வரை கிரைண்டர் சத்தம் கூடாது என்று அம்மை கட்டளை. நல்லதாய்ப் போயிற்று, அளவெடுக்க நேரம் கிடைத்தது. பழைய பாடிதான் இப்போது வரைபடம். எத்தனை ஓட்டை இருந்தாலும் அது கடைசிவரை முற்றத்தில் கிடக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும். பின்பக்கம் 8 மில்லி வித்தியாசம். எப்போதோ மரத்தில் இடித்த பக்கம் அது. நல்ல பக்கத்தை வாஷிங் மெஷின் அட்டையில் வெட்டித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துக்கும் அதையே அச்சாக வைத்துக்கொண்டோம்.

ஏப்ரல் 22

கோட்டாற்றில் சிஆர் ஷீட், அதாவது பூச்சு இல்லாத வெறும் இரும்புத் தகடு, வாங்கினேன். தரைக்கு 1.6 மில்லி, பக்கவாட்டுக்கு 1.2. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 1.2-இல் 28 கிலோ வரும், 1.6-இல் 37. பக்கத்து வீட்டு மாமா துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட் போடச் சொன்னார், துரு வராதாம். ஆனால் பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், கடைசியில் துரு பிடிப்பதும் அந்த இடம்தான். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வேறு. மடிப்பு வேலையை நாகர்கோவிலில் பெண்டிங் மெஷினில் முடித்துவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மே 3

வெல்டிங். இந்த மாதிரி மெல்லிய ஷீட்டில் சாதாரண வெல்டிங் ராடு வைத்தால் பொத்துக்கொண்டு போகும் என்று, கேஸ் மூடாக்கில் பற்றவைக்கும் மிக் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். சாயங்காலக் காற்று கார்பன் டை ஆக்சைடை அடித்துக்கொண்டு போக, போட்ட இடமெல்லாம் ஆப்பம் மாதிரி பொத்தல். நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிய பிறகுதான் ஒழுங்காகப் பிடித்தது. உள்ளே வெக்கை சொல்லி மாளாது.

டிங்கர் அண்ணன் நீளமாக இழுக்க விடவே மாட்டார். இந்த மூலையில் ஒரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு, அப்புறம் நடுவில். “மக்கா, கை வச்சுப் பாரு. சூடு ஆறாம அடுத்தத வச்சியானா ஷீட்டு நெளிஞ்சிரும்.” அத்தனை கவனத்துக்கும் இடப்பக்கத் தகடு ஓர் இடத்தில் நெளிந்தே விட்டது. விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் டப்பென்று வெளியே வரும்.

கேஸ் டார்ச்சில் அந்த மேட்டின் உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் சிவக்கச் சூடாக்கினார். பின்னால் கட்டையைக் கொடுத்துச் சுற்றிலும் மெதுவாகத் தட்டி, ஈரச் சாக்கை அமுக்கினார். சொய்யென்று ஆவி கிளம்பியது. சூட்டில் விரியப் பார்த்த தகடு சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பை மீற முடியாமல் அங்கேயே தடித்துவிடும், ஆறும்போது சுருங்கி இழுத்துக்கொள்ளும். மறுபடி அழுத்தினேன், சத்தம் இல்லை. பட்டி அப்பி மறைக்கிற ஆளாக இருந்தால் ரெண்டு மழையில் விண்டு விழுந்திருக்கும்.

மே 11

பாடியைச் சேசியில் இறக்கினோம். முன் துளைகள் கச்சிதம். பின்னால் ஒன்று மட்டும் அரைத்துளை விலகல், ஃபைலால் நீட்டிச் சரிக்கட்டியாயிற்று. கிளட்ச் பெடல் தட்டாமல் போய் வருகிறது. பேட் எல்லாம் புதுசு.

மே 25

கேரளத்தில் பருவமழை நேற்றே வந்துவிட்டது. வழக்கமாக ஜூன் 1. இங்கேயும் ஈரக்காற்றுதான். ரெட் ஆக்சைடு பிரைமர் வெயில் இருந்தபோதே அடித்து முடித்தாயிற்று, பாடிக்கு அடியில் கருப்பு அண்டர்கோட்டும். பெயிண்ட் இப்போது முடியாது. இந்த ஈரத்தில், சட்டென்று காயும் என்சி பெயிண்ட் அடித்தால் மேலே வெள்ளைப் புகை படிந்தது போல வெளுத்துவிடும். பிரைமரை அப்படியே விட்டாலும் ஈரத்தை உறிஞ்சும். அதனால் தார்ப்பாய்க்குள்ளே வயரிங் வேலை.

காயலான்கடைக்காரர் பழைய பாடியைக் கேட்டு வந்தார். விண்ட்ஷீல்டு ஃபிரேம் புதுசில் உட்காரும்வரை கொடுப்பதற்கில்லை என்று சொல்லியிருக்கிறேன்.