ஜீப்புக்கு இரண்டாவது விசிறி

வெள்ளிக்கிழமை கோணேசர் கோவில் நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தால் போதும், என் பழைய டீசல் ஜீப்பின் டெம்பரேச்சர் முள் ஏறிவிடும். கந்தளாய்ப் பக்கம் ஓடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. பெல்ட் விசிறி எஞ்சின் வேகத்துக்குத்தான் சுற்றும். வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் காற்று போதாது.

பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. வயர் அறுந்தாலும் பெல்ட் விசிறி சுற்றுமே! சரி, இரண்டும் இருக்கட்டும் என்று ரேடியேட்டருக்கு முன்னால் 12 வோல்ட் மின்விசிறி ஒன்றைப் பூட்டினேன். 95 பாகையில் தெர்மோ சுவிட்ச் அதை இயக்கும். ரிலே, பியூஸ் எல்லாம் தனி.

முதல் நாள் மின்விசிறியின் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். காற்று எதிர்ப்பக்கம் வீசி, இரண்டு விசிறியும் மல்லுக்கட்டின. எஞ்சினை நிறுத்தி, மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, முன் கிரில்லில் ஒரு கடதாசியைப் பிடித்துப் பாருங்கள். அது உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும்.

போன வெள்ளியும் போனேன். முள் நடுவிலேயே நின்றது.