முக்காலில் மூன்றில் ஒன்று போனால்

நேற்று இரவு மகளின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். 3/4 − 1/3 = 2/1 என்று எழுதியிருந்தாள். தொகுதியில் தொகுதி, பகுதியில் பகுதி கழித்திருக்கிறாள். இருப்பதே முக்கால்; அதில் கொடுத்த பிறகு முழுசாக இரண்டு எப்படி மிஞ்சும்?

திட்டவில்லை. சதுரத் தட்டில் ஆறிக்கொண்டிருந்த தேங்காய் பர்பியை நீளவாக்கில் 4 பத்தி, குறுக்கே 3 வரிசை என்று கத்தியால் கீறினேன். 12 துண்டு. 4-க்கும் 3-க்கும் மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) அதுதானே! முக்கால் என்றால் 9 துண்டு, மூன்றில் ஒன்று என்றால் 4.

"அஞ்சு மிச்சம்மா!"

சரி, அப்போ 5/12.

படுத்திருந்த என் மாமியார் கண்ணைத் திறக்காமலே, "முக்கால்ல அரைக்கால் போனா அரையே அரைக்கால்" என்றார். அரைக்கால் என்றால் காலில் பாதி, அதாவது 1/8. மகள் 6/8 − 1/8 என்று எழுதிப் பார்த்தாள். 5/8. அப்புறம் பாட்டிக்குத்தான் முதல் துண்டு போனது.