நீர்மட்டத்துக்குக் கீழிருந்து சுட்டவர்கள்

2 நவம்பர் 2024

அமெரிக்காவில், ராலே நகரில் மகள் வீட்டிலிருந்து காலையில் காரில் புறப்பட்டு, வில்மிங்டனில் கேப் ஃபியர் ஆற்றோரம் நிறுத்தப்பட்டிருக்கும் ‘நார்த் கரோலினா’ போர்க்கப்பலைப் பார்த்துவிட்டு இரவுதான் திரும்பினோம். 1941-இல் பணியில் சேர்ந்த இக்கப்பலில் மூன்று டரட்டுகளும் (பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கவசக் கூடுகள்), ஒவ்வொரு டரட்டிலும் 16 அங்குல வாயுள்ள மூன்று பீரங்கிக் குழல்களும் இருக்கின்றன. மேல்தளத்தில் நிற்பவர் கண்ணுக்கு டரட் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே இறங்கிய பிறகுதான், பல தளங்கள் கீழே செல்லும் ஒரு கிணற்றின் மூடியைத்தான் இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது புரிந்தது.

அந்தக் கிணற்றுக்குள், ஒவ்வொன்றும் 1,225 கிலோ எடையுள்ள கவசம் துளைக்கும் குண்டுகள் நிமிர்த்தி நிறுத்தப்பட்டிருந்தன. ஒரு கயிற்றைக் குண்டைச் சுற்றிப் போட்டு, மறுமுனையைச் சுழலும் உருளையில் சுற்றி இழுத்துப் பிடித்து, எண்ணெய் பூசிய இரும்புத் தளத்தின்மேல் குண்டை நின்ற நிலையிலேயே வழுக்கவைத்து, குண்டை மேலே தூக்கும் ஏற்றியின் வாய்வரை அந்நாளைய மாலுமிகள் நகர்த்தினார்கள். கடல் கப்பலை ஆட்டும்போதும் இப்படித்தான் நகர்த்த வேண்டியிருந்தது.

4 நவம்பர்

குண்டுக்குப் பின்னால் ஆறு வெடிமருந்துப் பைகள் செல்லும். ஒன்று ஏறத்தாழ 40 கிலோ. பை பட்டுத் துணியால் ஆனது. பட்டு முழுவதும் எரிந்துவிடும், கனல் மிச்சம் வைக்காது என்பதே காரணம். அப்படியும் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், பின்கதவு திறக்கும்போது குழலுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி, எஞ்சிய தீயையும் வாயுவையும் வாய்வழியே தள்ளிவிடுவார்கள். குழல் 5 பாகைச் சாய்வுக்கு இறங்கிவந்து, குண்டும் பைகளும் உள்ளே தள்ளப்பட்டு, கதவு திருகி மூடப்பட்டு, மறுபடி உயர்வதற்கு அரை நிமிடம்தான்.

வெடிமருந்து அறையிலிருந்து பைகளை வெளியே அனுப்பும் வழியில், ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் மூடியிருக்கும் தீத்தடுப்புச் சுழற்பெட்டிகளைப் பார்த்தேன். 1916 மே 31-இல் ஜெர்மானியருடன் நடந்த ஜட்லண்ட் கடற்போரில் பிரிட்டனின் மூன்று போர்க் குரூசர்கள் (வேகத்துக்காகக் கவசம் குறைத்த பெரும் போர்க்கப்பல்கள்) வெடித்துச் சிதறியதை அங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேகமாகச் சுட வேண்டும் என்ற ஆவலில் பைகளை வெளியே குவித்துவைத்து, தீத்தடுப்புக் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தது அந்தப் பேரிழப்புக்கு முக்கியக் காரணம் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அதே நாளில் பிரிட்டனின் ‘லயன்’ கப்பலின் டரட்டில், சாகும் தறுவாயில் இருந்த மேஜர் பிரான்சிஸ் ஹார்வி வெடிமருந்து அறையில் நீரை நிரப்ப ஆணையிட்டுக் கப்பலைக் காப்பாற்றினார்.

7 நவம்பர்

பீரங்கியைச் சுடுவது யார்? மூன்று நாட்களாக இந்தக் கேள்வியை விட மனம் வரவில்லை.

18 கிலோமீட்டர் தொலைவுக்குக் குண்டு சென்று விழ ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். 25 நாட் (மணிக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடும் எதிரிக் கப்பல் அதற்குள் 380 மீட்டருக்கு மேல், அதாவது இக்கப்பலின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக, நகர்ந்திருக்கும். ஆகவே, கப்பல் இருக்கும் இடத்தை நோக்கிச் சுடுவதில் பயனில்லை. அது இருக்கப்போகும் இடத்தைக் கணித்தாக வேண்டும். அந்தக் கணக்கு நடந்த அறை, நீர்மட்டத்துக்குக் கீழே கவசத்துக்குள் இருக்கிறது. அங்கே மேசை அளவில் நிற்கும் ரேஞ்ச்கீப்பர் என்ற கருவி பல்சக்கரங்களாலும் தண்டுகளாலும் கணக்கிடும் இயந்திரம். இரு கப்பல்களின் திசையும் வேகமும், காற்று, சுட்டுச் சுட்டுத் தேய்ந்த குழலில் குண்டு இழக்கும் வேகம், அன்றைய வெடிமருந்தின் வெப்பநிலை ஆகிய எல்லாம் அதற்குள் சென்று, டரட் திரும்ப வேண்டிய கோணமாகவும் குழல் உயர வேண்டிய கோணமாகவும் வெளிவருகின்றன.

பக்கத்தில், கப்பலின் ஆட்டத்தை அளக்கும் ஒரு கைரோ கருவி, அதில் பித்தளையாலான மூன்று கைப்பிடிகள். ஒன்று எச்சரிக்கை ஒலி எழுப்பும். ஒன்று கையாலேயே சுடும். நடுவில் இருப்பதை அழுத்திப் பிடித்தால் உடனே எதுவும் நடக்காது. ஆடும் கப்பல் குறித்த சாய்வுக்கு வரும் கணத்தில் கைரோவே மின்சுற்றை இணைக்கும். எனக்குத் தோன்றுவது இதுதான்: சுடுவது டரட்டில் இருப்பவர் அல்லர், கண்ணால் கடலையே காணாத இந்த அறையினர்தான். முதல் குண்டுகள் எழுப்பிய நீர்த்தூண்களைப் பார்த்து, தூரத்தைக் கூட்டு, குறை என்று மேலிருந்து வரும் திருத்தங்களும் அவர்களிடமே வந்து சேர்ந்தன.

14 நவம்பர்

1942-இல் இதே இரவில், ஜப்பானுடனான போரில், பசிபிக் தீவான குவாடல்கனால் அருகே, இக்கப்பலின் தங்கைக் கப்பலான (அதே வடிவமைப்பில் கட்டப்பட்ட) ‘வாஷிங்டன்’ இருளில் சென்றுகொண்டிருந்தது. அந்தப் படைப்பிரிவின் தலைவர் வில்லிஸ் லீ, 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் ஏழு பதக்கங்கள் வென்றவர்; ரேடாரை ஆழ்ந்து கற்றவர். உடன் வந்த நான்கு டெஸ்ட்ராயர்களும் (சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) விரைவிலேயே செயலிழந்தன. உடன் வந்த மற்றொரு போர்க்கப்பலான ‘சவுத் டகோட்டா’வில் மின்சாரம் நின்றுபோனது. ரேடார் திரையில் ஒரு பெரிய கப்பல் தெரிந்தும் லீ சுடவில்லை. தேடல் ரேடார் கோபுரத்தின் முன்பக்கம் பொருத்தப்பட்டிருந்ததால் பின்புறம் அதற்குக் குருடு. திரையில் தெரிவது தம்முடைய ‘சவுத் டகோட்டா’வாகவும் இருக்கக்கூடும். நண்பனை அழிக்கும் வாய்ப்பு இருக்கையில், அந்த நெருக்கடியிலும் காத்திருந்த அவருடைய பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஜப்பானியர் தேடுவிளக்கை ‘சவுத் டகோட்டா’ மீது பாய்ச்சியதும் ஐயம் தீர்ந்தது. நள்ளிரவில் ‘வாஷிங்டன்’ சுடத் தொடங்கியது. எதிரில் ஜப்பானியப் போர்க்கப்பல் ‘கிரிஷிமா’, தொலைவு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர். என் கணக்கில், குண்டு சென்று சேர ஏறத்தாழப் பன்னிரண்டு விநாடிகள். இடையில் சிறிது நிறுத்தம் இருந்தும், ஏழு நிமிடங்களுக்குள் 75 பெரிய குண்டுகள் சுடப்பட்டன. ஒன்பது பட்டதாக அன்றைய மதிப்பீடு; பின்னாளைய ஆய்வுகள் அதைவிட அதிகம் என்கின்றன. ‘கிரிஷிமா’ விடியும் முன் மூழ்கியது, தன் மாலுமிகள் பலரோடு.

15 நவம்பர்

‘வாஷிங்டன்’ 1961-இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அந்த இரவில் சுட்ட அறையும் அதனோடு போயிற்று. ‘நார்த் கரோலினா’வை மட்டும் அம்மாநில மக்கள் நிதி திரட்டி மீட்டார்கள்; அதில் பள்ளிப் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த காசும் உண்டு. நாளை மீண்டும் வில்மிங்டன் போகிறோம். சென்ற முறை டரட்டில் நேரம் போய்விட்டது. இம்முறை நேராகக் கீழறைக்குச் சென்று, பேரனுக்கு அந்த நடுக் கைப்பிடியைக் காட்ட வேண்டும்.