ஃபைபர் படகின் அடியில் ஓட்டை: ஒட்டுப் போட்ட விதம்

மணலில் இழுத்து ஏற்றும் ஃபைபர் படகில் முதலில் தேய்வது அடிப்பாகம். மேல்பூச்சான ஜெல்கோட் தேய்ந்து கண்ணாடி இழை வெளியே தெரிந்தால் தண்ணீர் ஊறத் தொடங்கிவிடும். இந்தப் படகு கல்லில் இடித்து உள்ளங்கை அகலத்துக்கு உடைந்திருந்தது. நாணயத்தால் தட்டிப் பார்த்தால் சுற்றிலும் ஒரு சாண் தூரத்துக்கு மந்தமான சத்தம். அடுக்குகள் அதுவரை பிரிந்திருக்கின்றன என்று அர்த்தம். ஓட்டையை மட்டும் மூடினால் ஒட்டு நிற்காது.

படகைக் கவிழ்த்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டோம். பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் உள்பக்கம் வேர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

வேலையில் பாதி கிரைண்டர்தான். வெளுத்துப்போன இழை அத்தனையையும் எடுத்துவிட்டு, விளிம்பைத் தடிமனைப்போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். இங்கே அடி 6 மி.மீ.; சரிவு 7 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். காய்ந்த பழைய பாலியஸ்டரில் புது ரெசின் (இழையை ஒட்டி இறுகும் பிசின்) சொரசொரப்பைப் பிடித்துத்தான் நிற்கும். வழவழப்பாக விட்டால் உரிந்துவிடும். மூக்கில் துண்டு கட்டினால் போதாது, தூசி மாஸ்க் வேண்டும்.

ரெசின் தண்ணீரைத் தாங்கும் ஐசோ வகை. விலை குறைந்த சாதாரண ரெசின் தண்ணீருக்குள் கிடக்கும் பகுதிக்குச் சரிவராது. ரெசின் எடையில் முதலில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் 1 சதவீதம், நன்றாகக் கலக்கிய பிறகே இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், அதுவும் 1 சதவீதம். இவை இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். அளக்கும் குப்பி ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்தவே கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெயிலில் ஒரு கிலோவுக்கு மேல் கலந்தால் வாளியிலேயே சூடேறி இறுகிவிடும்.

உள்பக்கம் பாலிதீன் சுற்றிய பலகையை முட்டுக் கொடுத்து, வெளியிலிருந்து அடுக்கினோம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (வெட்டிய இழைகள் தாறுமாறாகப் படிந்த விரிப்பு), 610 கிராம் ரோவிங் (நெய்த இழைத்துணி) என்று மாற்றி மாற்றி: மேட் நான்கு, ரோவிங் மூன்று, மொத்தம் 6 மி.மீ. வந்துவிடும். பழைய பரப்பின்மேல் மேட்தான் முதலில் படிய வேண்டும். ரோவிங்கை நேரடியாக வைத்தால் நெசவுக்கு அடியில் காற்று தங்கும். பெரிய துண்டு முதலில், போகப்போகச் சிறியது. சிறியதில் தொடங்குபவர்களும் உண்டு; ஆனால் கடைசியில் தேய்க்கும்போது பெரிய துண்டின் விளிம்பு அறுபடும். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் படிந்து கொடுக்கும்.

மேட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டரை மடங்கு ரெசின், ரோவிங்குக்குச் சம எடை. அதிகம் ஊற்றினால் பலம் கூடாது. ரெசின் மட்டும் தேங்கிய இடம் விரிசல் விடும். ஒவ்வொரு அடுக்கிலும் வெள்ளைப் புள்ளி மறையும்வரை இரும்பு ரோலரை ஓட்ட வேண்டும். மூன்று அடுக்குக்கு ஒருமுறை சூடு தணிய விட்டோம்.

மேலே பூசும் ஜெல்கோட்டில் மெழுகுக் கரைசல் கலக்காவிட்டால் காற்றுப் படும் பக்கம் பிசுபிசுவென்றே நிற்கும். மறுநாளும் நகம் பதிந்தால் கேட்டலிஸ்ட் குறைந்திருக்கிறது, அல்லது ஈரம் சேர்ந்திருக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடித்துப் பயனில்லை. சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.