எட்டு மேடுகள்

அந்த வரைபடத்தில் எட்டு மேடுகள் இருந்தன. ஒரு கருந்துளையின் பக்கமிருந்து வந்த ரேடியோ அலையின் நான்கு மணி நேர டேட்டா, அரை மணிக்கு ஒரு மேடு. ஏறுவதும் இறங்குவதும் அடுத்தது தொடங்குவதும், பழகிய கை இழுத்த கோலம் போல அத்தனை ஒழுங்கு. ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்து இரண்டாவது வருடம். இரவு பதினொரு மணிக்குத் துறையில் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது உண்மை. பிரிண்ட் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்த மூலத்தின், அதாவது வானத்தில் அந்த அலை வரும் இடத்தின், பெயர் ஜிஆர்எஸ் 1915+105. 1992 ஆகஸ்ட் 15 அன்று, கிரனாத் என்ற ரஷ்ய செயற்கைக்கோளில் இருந்த கருவி ஒன்று அதைக் கண்டுபிடித்தது. பெயரில் உள்ள எண்கள் வானத்தில் அது இருக்கும் இடத்தைச் சொல்பவை. நம் கணக்கில் சொன்னால், திருவோண நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கி, அதற்கு மேற்கே கிட்டத்தட்ட ஒரு முஷ்டி தள்ளிப் போனால் அந்த இடம். கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. 28,000 ஒளியாண்டு தொலைவு, நடுவில் பால்வெளியின் தூசி. அங்கே சூரியனைப் போல 12 மடங்கு நிறை கொண்ட ஒரு கருந்துளையும், உப்பிப்போன ஒரு சிவந்த விண்மீனும் 34 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. விண்மீனின் வாயு வழிந்து கருந்துளையைச் சுற்றி ஒரு தட்டாகச் சேர்கிறது. தட்டிலிருந்து உள்ளே விழுவது போக ஒரு பங்கு, இரண்டு பக்கமும் தாரையாகப் பீறிட்டு வெளியேறுகிறது. 1994இல் மிராபெல், ரோட்ரிகஸ் என்ற இருவர் அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கியில் அந்தத் தாரையைத் தொடர்ந்து படமெடுத்து, அது ஒளியை விட வேகமாகப் போவது போலத் தோற்றம் தருவதைக் காட்டினார்கள். நம்மை நோக்கிச் சாய்ந்து, ஒளிக்குச் சற்றே குறைந்த வேகத்தில் வருவதால் உண்டாகும் தோற்றம் அது. பால்வெளிக்குள் அப்படி ஒன்றைப் பார்த்தது அதுவே முதல்முறை.

எட்டு மேடுகளை நான் உடனே நம்பியதற்குக் காரணம் உண்டு. கேம்பிரிட்ஜில் ரைல் தொலைநோக்கியை வைத்து கை பூலியும் ராப் ஃபெண்டரும் 1997இல் வெளியிட்ட வரைபடங்களை மனப்பாடமாக வைத்திருந்தேன். இதே மூலம், ரேடியோ அலையில் 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. சில நாட்களில் வரும், பல நாட்களில் வராது. வந்தால் மணிக்கணக்கில் விடாமல் அடிக்கும்.

அது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு எங்கள் தாத்தாவின் கிணறுதான் உதவியது. கமலையில் மாடு பின்னால் போகும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும், நிறையும், மாடு முன்னால் இழுக்கும், சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும், மறுபடி இறங்கும். சால் பெரிதானால் நிறையும் நேரமும் கூடும். கருந்துளையை ஒட்டிய தட்டின் உள்பகுதி இதே மாதிரி காலியாகி, வெளியிலிருந்து வாயு வந்து மறுபடி நிறைகிறது. எவ்வளவு தூரம் காலியாகிறதோ அவ்வளவுக்கு நிறையும் நேரம் நீள்கிறது என்று எக்ஸ் கதிர் தரவிலிருந்து பெல்லோனி குழுவினர் 1997இல் காட்டியிருந்தார்கள். நம் நாட்டுக் கருவிக்கும் இதில் பங்குண்டு. 1996 மார்ச்சில் பிஎஸ்எல்வி ஏற்றிப்போன ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளில் சின்னதாக ஒரு எக்ஸ் கதிர்க் கருவி வைத்து அனுப்பினார்கள். அதுவும் இந்த மூலத்தில் ஒழுங்கான வெடிப்புகளைப் பார்த்தது. பூமியைப் படமெடுக்கப் போன செயற்கைக்கோளில் ஓர் ஓரத்தில் இடம் வாங்கி இதைச் செய்தவர்கள் மேல் எனக்கு இன்றும் தனி மரியாதை.

1997 செப்டம்பர் 9 அன்று எடுத்த தரவை நான் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். எக்ஸ் கதிர் சட்டென்று தாழ்கிறது: தட்டின் உள்பகுதி போய்விட்டது. பிறகு அகச்சிவப்பில் ஒரு மேடு. அதற்கும் பின்னால் ரேடியோவில் ஒரு மேடு. கருந்துளை ரேடியோ அலை எதையும் அனுப்புவதில்லை. தட்டிலிருந்து தூக்கி எறியப்பட்ட சூடான வாயு மேகத்துக்குள் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழல்வதால் வரும் அலை அது. எறிந்த உடனே ஏன் கேட்பதில்லை என்றால், சாம்பிராணிப் புகையைப் பார்த்தால் தெரியும். தூபக்காலை ஒட்டி அது சுவர் மாதிரி இருக்கும். கூடம் முழுதும் பரவிய பிறகுதான் அந்தப்பக்கம் இருப்பது தெரியும். மேகமும் தன் ரேடியோ அலையைத் தானே மறைக்கிறது. விரிந்து மெலிந்த பிறகே விடுகிறது, அதிலும் அதிக அதிர்வெண் முதலில், குறைந்த அதிர்வெண் பின்னால். அதனால் அதிர்வெண் குறையக் குறைய மேடு தாமதமாகும், அகலமாகும், பக்கத்து மேட்டோடு கலக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. என் டேட்டாவோ 1280 மெகாஹெர்ட்ஸ், அதாவது கேம்பிரிட்ஜ்காரர்கள் பார்த்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அதிர்வெண். அதில் இவ்வளவு கூர்மையான மேடா என்று அன்றிரவு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

டேட்டா எடுத்தது ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கியில். புனேயிலிருந்து நாசிக் சாலையில் போய் நாராயண்காவில் திரும்பினால் கோடத் கிராமம். 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள். பதினான்கு நடுவில் கூட்டமாக நிற்க, மற்றவை மூன்று கிளைகளாகப் பிரிந்து 25 கிலோமீட்டர் வரை வயல்களுக்கு நடுவே சிதறி நிற்கும். அதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவும் தகட்டுக்குப் பதில் மெல்லிய கம்பி வலையை, இழுத்துக் கட்டிய கயிறுகளின் மேல் விரித்தார்கள். காற்று அதற்குள் புகுந்து போய்விடும், கனமும் இல்லை. அவ்வளவு பெரிய டிஷ்ஷின் அடியில் நின்று அண்ணாந்தால் வலைக்குள்ளே வானம் தெரியும். நடுவில் நிற்பவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓசையில்லாமல் மேற்கே திரும்புவதை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஊர்த்தேர் நிலையை விட்டுக் கிளம்பும் நினைவு வந்தது.

அது ஒரு அக்டோபர் இரவு. எட்டு மணிக்குத் தொடங்கினோம், நள்ளிரவில் மூலம் மறையும் வரை. இருபத்தைந்து நிமிடம் கருந்துளை, ஐந்து நிமிடம் கேலிப்ரேட்டர். கடைக்காரர் தராசை அவ்வப்போது முத்திரை போட்ட படிக்கல்லை வைத்துச் சரிபார்ப்பது போல, பிரகாசம் மாறாத ஒரு மூலத்தைப் பார்த்து டிஷ்களின் அளவைச் சரிசெய்துகொள்வோம். இந்த மாதிரி ரேடியோ தொலைநோக்கிகளில் இதுதான் வழக்கம்.

டேட்டாவோடு துறைக்குத் திரும்பி மூன்று வாரம் உட்கார்ந்த பிறகு வந்ததுதான் அந்த எட்டு மேடுகள்.

எங்கள் துறைக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். ஊட்டியில் முத்தொரை ரேடியோ தொலைநோக்கியில் பல வருடம் இருந்தவர். 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் படுத்திருக்கும் அந்தத் தொலைநோக்கியை நான் சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்து வேலி என்று நினைத்திருக்கிறேன். சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றாக, 11 பாகையாக, அமைகிற மாதிரி மலையைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் ஒரே அச்சில் சுழன்றால் போதும், வானத்து மூலத்தைப் பல மணி நேரம் தொடரலாம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். என் கைடிடம் போவதற்கு முன்னால் அவரிடம் காட்டலாம் என்று பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு தம்பி. கேலிப்ரேட்டருக்கு எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் போனீங்க?"

"அரை மணிக்கு ஒருதரம் சார்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிரிண்ட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். சொல்லி முடித்த என் காதிலேயே அந்த 'அரை மணி' விழுந்தது.

"அதே படத்துல வேற ஏதாவது புள்ளி இருக்கா? தூரத்து கேலக்ஸி மாதிரி, மாறாம இருக்கறது?"

"ஒண்ணு இருக்கு சார், ஓரமா."

"அதுக்கும் இதே மாதிரி ஒரு பிளாட் போட்டு எடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

அந்தப் புள்ளி மங்கலானது, அதன் கோடு நிறைய ஆடியது. தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவர் இரண்டு தாளையும் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். மதிய வெயில் தாளுக்குப் பின்னாலிருந்து வந்தது. நேர அச்சு பொருந்துகிற மாதிரி மேல் தாளை நூலளவு நகர்த்தினார். எட்டு மேடுகளுக்கு அடியில் எட்டு மேடுகள். கருந்துளைக்கும், அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் எத்தனையோ கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு கேலக்ஸிக்கும் ஒரே நாடி.

தவறு என்னுடையது, அதுவும் மிகச் சின்னது. மூலம் மேற்கே தாழத் தாழ டிஷ்களின் உணர்திறன் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், அது இயல்பு. ஒரு கேலிப்ரேட்டர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் அந்த மாற்றத்தைச் சரிவாக இணைத்துத் திருத்த வேண்டும். மென்பொருளில் நான் வேறு தேர்வைக் கொடுத்திருந்தேன்: பக்கத்தில் எந்த அளவு இருக்கிறதோ அதையே அப்படியே போடு என்று. அதனால் ஒவ்வொரு இருபத்தைந்து நிமிடத்திலும் மதிப்பு சரிந்துகொண்டே போய், நட்டநடுவில் திருத்தம் மாறும் இடத்தில் மேலே குதித்து, மறுபடி சரிந்தது. உண்மையில் அது ரம்பப் பல். அலைபோலத் தெரிவதற்காக நான் சராசரி எடுத்தபோது பல்லின் முனைகள் மழுங்கின. கேலிப்ரேட்டருக்குப் போன ஐந்து நிமிட இடைவெளிகளைக் கோடு போட்டு நானே மூடியிருந்தேன். தடயம் எதுவும் தானாக மறைந்திருக்கவில்லை. நான்தான் ஒவ்வொன்றாக அழகுபடுத்தினேன்.

சரியாகச் செய்து பார்த்தபோது எட்டு மேடுகளும் போய்விட்டன. அன்றிரவு அந்த மூலம் நான்கு மணி நேரத்தில் மெதுவாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். அதை அப்படியே எழுதினேன். வருத்தம் பல நாள் இருந்தது. முதல் தாளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு சீரான துடிப்பு பற்றி எந்தக் கட்டுரை படித்தாலும், துடிப்பை நம்புவதற்கு முன்னால் அதற்கான காரணத்தைத் தேடுகிறேன். சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளையின் ரேடியோ அலை 5.6 நாளுக்கு ஒருமுறை மங்கித் தெளிகிறது. அதில் தாரை விட்டுவிட்டு வருவதாக எண்ண வேண்டியதில்லை, 5.6 நாள் அதன் சுற்றுக்காலம். துணை விண்மீன் வீசும் அடர்த்தியான காற்றுக்குப் பின்னால் கருந்துளை போகும்போது நமக்கு வரும் அலை குறைகிறது. இன்னொன்று, எல்எஸ்ஐ +61 303. 26.5 நாளுக்கு ஒருமுறை தவறாமல் ரேடியோவில் வெடிக்கும். அதன் நடுவில் இருப்பது கருந்துளையா நியூட்ரான் விண்மீனா என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள், நானும் ஒரு கருத்தரங்கில் கருந்துளைப் பக்கம் நின்று பேசியிருக்கிறேன். 2022இல் சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி அதில் 0.27 வினாடிக்கு ஒரு துடிப்பைக் கேட்டது. அப்படித் துடிப்பது சுழலும் நியூட்ரான் விண்மீன். அத்தனை வருடமும் தாளம் சரியாகத்தான் கேட்டது, அடிப்பவரைப் பற்றித்தான் எங்களில் பலர் தவறாக நினைத்தோம்.

அதே ஃபாஸ்ட் தொலைநோக்கி, 500 மீட்டர் விட்டமுள்ளது, என் பழைய மூலத்தையும் பார்த்தது. 2021 ஜனவரியிலும் 2022 ஜூனிலும் ஜிஆர்எஸ் 1915+105 ரேடியோவில் வினாடிக்கு ஐந்து முறை போலத் துடித்ததை 2023இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். எக்ஸ் கதிரில் அந்த மூலம் 2018லிருந்து மங்கிப்போன காலம் அது. முடிந்த கதை என்று பலர் வேறு மூலத்துக்குப் போய்விட்டார்கள். அரை மணித் துடிப்புக்குச் சால் நிறையும் கணக்கு பொருந்தும்; 0.2 வினாடிக்குப் பொருந்தாது. தாரையின் அடிப்பகுதி, சாய்ந்து சுற்றும் பம்பரம் போலத் தள்ளாடுவதாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. இன்னொரு தொலைநோக்கியும் அதைக் கேட்டால் இன்னும் பிடிக்கும்.

அந்தச் செய்தி வந்த நாளில் ஜன்னலில் தாள் பிடித்தவரை நினைத்துக்கொண்டேன். அவர் இப்போது இல்லை.

போன மாதம் என் மாணவி ஒருத்தி மடிக்கணினியோடு வந்தாள். வேறொரு கருந்துளை இரட்டை, வேறொரு தொலைநோக்கி. திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தை இறுக்கமாக வைத்திருந்தாள், விரல் மட்டும் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது.

"கேலிப்ரேட்டர் இடைவெளி?" என்றேன்.

"பதினெட்டு நிமிஷம் சார். இது நாப்பத்தொண்ணு. பக்கத்துப் புள்ளி மூணுக்கும் போட்டுட்டேன்."

அடுத்த திரையைத் திறந்தாள். மூன்று கோடுகள், மூன்றும் தட்டை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் திரைக்குத் திரும்பச் சொன்னேன்.