24 மாதங்கள்: இதயவியலை மனத்தில் வைத்து ரெசிடென்சி தேர்ந்தெடுத்த அனுபவம்

2022 ஜனவரி கடைசி வாரத்தில் என் கடைசி நேர்காணல் முடிந்தது. அமெரிக்காவில் 11 இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவ) ரெசிடென்சி, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சிப் புரோகிராம்கள் என்னிடம் காணொளியில் பேசியிருந்தன. மார்ச் 2ஆம் தேதிக்குள் அந்தப் பதினொன்றையும் விருப்ப வரிசைப்படி அடுக்கி, விண்ணப்பதாரர்களையும் பயிற்சி இடங்களையும் பொருத்தும் 'மேட்ச்' முறையை நடத்தும் என்.ஆர்.எம்.பி. தளத்தில் ரேங்க் லிஸ்டாகப் பதிய வேண்டும். பதினொரு பெயரை அடுக்க ஐந்து வாரம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கோ அந்த ஐந்து வாரமும் போதவில்லை.

காரணம் இதுதான். இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி 3 ஆண்டு. அதன் பிறகு இதயவியல் ஃபெலோஷிப், அதாவது உயர்சிறப்புப் பயிற்சி, இன்னொரு 3 ஆண்டு. இரைப்பை குடலியல், ரத்த - புற்றுநோயியல், நுரையீரல் - தீவிர சிகிச்சை ஆகியவையும் அப்படியே. சிறுநீரகவியல், நாளமில்லாச் சுரப்பியியல் போன்றவை 2 ஆண்டு. நம் ஊரில் எம்.டி. எங்கே படித்திருந்தாலும் உயர்சிறப்புப் படிப்பான டி.எம். சேர்க்கையில் நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வின் தரவரிசைதான் பேசும், எந்த மூலையில் இருந்தாலும் உட்கார்ந்து படித்தால் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் ஃபெலோஷிப்புக்கென்று அப்படி ஒரு நுழைவுத் தேர்வு கிடையாது. எங்கே ரெசிடென்சி செய்தாய், யார் உனக்குப் பரிந்துரைக் கடிதம் தருகிறார்கள், என்ன ஆய்வு செய்தாய், நேர்காணலில் எப்படிப் பேசுகிறாய் என்பவற்றை வைத்தே இடம் தீர்மானமாகிறது. ரெசிடென்சி வரிசையில் நான் போடும் முதல் பெயர் ஆறு ஆண்டுக்கான முடிவு என்பது அப்போதே புரிந்திருந்தது.

புரியாத ஒன்றைப் புரியவைத்தவர், கல்லூரியில் எனக்கு மூன்று ஆண்டு மூத்தவரான ஓர் அக்கா. அப்போது அவர் நுரையீரல் துறையில் ஃபெலோவாக இருந்தார். தொலைபேசியில் அவர் முதலில் கேட்ட கேள்வி, "ஃபெலோஷிப்புக்கு உனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று நினைக்கிறாய்?"

"மூன்று வருடம், அக்கா."

"இல்லை. மூன்றாம் வருடம் தொடங்கும் ஜூலை மாதமே விண்ணப்பம் போய்விட வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் முடிவு வந்துவிடும். உனக்கு இருப்பது 24 மாதம். அதிலும் முதல் ஆறு மாதம் மருத்துவமனையில் வழி தெரியாமலே போய்விடும். கடிதம் எழுத வேண்டியவர்கள் இரண்டாம் வருடம் வசந்த காலத்துக்குள் உன்னை நன்றாக அறிந்திருக்க வேண்டும். அதை வைத்துக் கணக்குப் போடு."

அன்று இரவே என் பட்டியலைத் திரும்ப எழுதினேன். அதுவரை நான் வைத்திருந்த அளவுகோல்கள் மருத்துவமனையின் பெயர், படுக்கைகளின் எண்ணிக்கை, ஊர், இவ்வளவுதான். அவற்றுக்குப் பதிலாகப் புதிய கேள்விகள் வந்தன. முதல் ஆண்டில் இதயவியல் பிரிவில் எத்தனை வாரம்? அது அக்டோபரில் வருமா, மே மாதத்தில் வருமா? விருப்பப் பணிக்காலம் முதல் ஆண்டிலேயே உண்டா? நான்கு வாரம் வார்டு, அடுத்த ஒரு வாரம் வெளிநோயாளர் பணி என்று பிரித்துவிடும் 4+1 அட்டவணையா, வார்டு வேலைக்கு நடுவில் கிளினிக்குக்கு ஓட வேண்டுமா? ஆய்வுத் தரவைப் புள்ளியியல் முறையில் அலசித் தர ஆள் இருக்கிறாரா? இதயவியலின் பெரிய மாநாடுகளில் ஏ.எச்.ஏ. (அமெரிக்க இதயச் சங்கம்) மாநாடு நவம்பரில், ஏ.சி.சி. (அமெரிக்க இதயவியல் கல்லூரி) மாநாடு வசந்த காலத்தில். ஜூலை விண்ணப்பத்தில் மாநாட்டில் வைத்த ஆய்வு போஸ்டர் ஒன்றாவது இருக்க வேண்டுமென்றால், ஆய்வுக்கான நெறிமுறைக் குழு அனுமதி முதல் ஆண்டிலேயே கையில் இருக்க வேண்டும்.

எல்லாப் புரோகிராம்களும் நேர்காணல் நாளில் ஒரு பக்கம் காட்டும்: எங்கள் ரெசிடென்ட்கள் எந்தெந்த ஃபெலோஷிப்புக்குப் போனார்கள் என்ற பட்டியல். பெரிய பெயர்கள் வரிசையாக மின்னும். அந்தப் பக்கத்தைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு, நானும் மயங்கினேன். ஆனால் அதில் கிடைத்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தவர்களில் விசாவில் இருந்தவர்கள் யார், நடுவில் ஓராண்டு தலைமை ரெசிடென்டாகவோ ஆய்வு உதவியாளராகவோ காத்திருந்தவர்கள் யார் என்று அது சொல்லாது. இதைக் கேட்பது தவறு என்று தயங்க வேண்டாம். கண்ணியமாகக் கேட்டால் ரெசிடென்ட்கள் பதில் சொல்கிறார்கள்.

என் வரிசையில் முதல் இடத்துக்கு இரண்டு புரோகிராம்கள் போட்டியிட்டன. ஒன்று, பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரியும் பல்கலைக்கழக மருத்துவமனை. இன்னொன்று, ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைப்புள்ள நடுத்தர அளவிலான சமூக மருத்துவமனை. அங்கேயும் சொந்தமாக இதயவியல் ஃபெலோஷிப் இருந்தது, ஆனால் சிறியது. பெரிய இடத்தில் கேட்டபோது, "இங்கே விரும்பியவர்களுக்கு விரும்பியது கிடைக்கும்" என்ற பதில் வந்தது. பிறகு அங்கே படித்த ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, கடந்த மூன்று ஆண்டில் விசாவில் இருந்து இதயவியலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவர், அதுவும் இரண்டு ஆண்டு காத்திருந்து, என்று எழுதினார். சிறிய இடத்தில் ஒரு ரெசிடென்ட் விரல் விட்டு எண்ணியே சொன்னார்: போன முறை ஐந்து பேர் விண்ணப்பித்தார்கள், மூவருக்குக் கிடைத்தது, அந்த மூவரில் ஒருவர் இதே மருத்துவமனையில், மற்ற இருவர் வெளியே, கிடைக்காத இருவரும் ஹாஸ்பிடலிஸ்டாக (உள்நோயாளிகளைக் கவனிக்கும் பொது மருத்துவராக) வேலை செய்துகொண்டு மறுபடி முயல்கிறார்கள். கேட்டதும், கிடைக்காதவர்களில் ஒருவரிடம் அனுமதி வாங்கி அவருடைய எண்ணையும் கொடுத்தார்.

அவரை அழைத்தேன். தோற்றவரிடம் அதைப் பற்றிக் கேட்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் முக்கால் மணி நேரம் பேசினார். இதயவியல்தான் வேண்டும் என்று அவர் முடிவெடுத்ததே இரண்டாம் ஆண்டு பிப்ரவரியில். கடிதம் தந்தவர்கள் அவரோடு இரண்டு வாரம் மட்டுமே வேலை பார்த்தவர்கள். "அந்தக் கடிதத்தில் என் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும்" என்றார். நான் பேசிய எல்லோரிலும் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. இதற்கு ஒரே விடை கிடையாது. மருத்துவமனையில் இதயவியல் ஃபெலோக்கள் இருப்பது நல்லதா? இருந்தால் துறை பெரிது, ஆய்வு நடக்கிறது, கடிதம் எழுதுபவரை வெளியிலும் அறிவார்கள். ஆனால் நெருக்கடி நேரத்தில் நோயாளியின் அருகே முதலில் போவது ஃபெலோ. ரெசிடென்ட் ஓரமாக நின்று குறிப்பு எழுதுவார். ஃபெலோக்கள் இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் ரெசிடென்ட்தான் செய்வார். ஆனால் அங்கே யார் கடிதம் எழுதினாலும், படிப்பவருக்கு எழுதியவரைத் தெரியாது. ஆகவே நான் எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இரவு இரண்டு மணிக்கு சி.சி.யு.வில் (இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) முதலில் முடிவெடுப்பவர் யார்?" சிறிய மருத்துவமனையில் இரவில் ரெசிடென்ட்தான் இருந்தார், ஃபெலோ வீட்டிலிருந்து தொலைபேசியில், பொறுப்பு மருத்துவரான அட்டெண்டிங்கை அழைத்தால் வருவார். என் மனம் சாய்ந்தது அந்தப் பதிலில்தான்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி எனும் வேலை விசாவுக்கு, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3இல் தேர்ச்சி முன்கூட்டியே வேண்டும். பொதுவான உச்சவரம்பு 6 ஆண்டு. ரெசிடென்சி மூன்று, இதயவியல் மூன்று என்றால் மூச்சுவிட இடமில்லை. மேலும் பல ஃபெலோஷிப்கள் ஜே-1 எனும் பரிமாற்றப் பயிற்சி விசாவை மட்டுமே ஏற்கின்றன. ஜே-1இல் பயிற்சிக்கு வழக்கமாக 7 ஆண்டு வரை கிடைக்கும்; இதயவியல் முடித்து ஓராண்டு இன்டர்வென்ஷனல் (குழாய் வழி இதயச் சிகிச்சை) பயிற்சி அதற்குள் அடங்கும், இரண்டாண்டு எலக்ட்ரோபிசியாலஜி (இதயத் துடிப்புக் கோளாறுகள்) அடங்காது. முடித்த பின் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும், அல்லது மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை செய்து விலக்குப் பெற வேண்டும். அதற்கான கான்ராட் 30 திட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடங்கள்தாம். ஃபெலோஷிப் சேரும்போது இந்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து தேவைச் சான்றிதழ் (அந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் நாட்டுக்குத் தேவை என்ற சான்று) புதிதாக வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நான் ஜே-1 தேர்ந்தெடுத்தேன்.

பிப்ரவரி கடைசியில் புதிய பயம் ஒன்று வந்தது. பெரிய இடத்தை முதலில் போட்டு அது கிடைக்காவிட்டால், சிறிய இடத்தில் என் வாய்ப்பு குறையுமோ? குறையாது. மேட்ச் கணக்கு விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குகிறது. முதல் இடம் கிடைக்காவிட்டால், அதை முதலில் எழுதாததைப் போலவே இரண்டாம் இடத்தில் உங்களைப் பொருத்திப் பார்க்கும். இப்போதைய முறையை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், இதன் அடித்தளக் கோட்பாட்டை உருவாக்கிய லாயிட் ஷாப்லியுடன் 2012இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிடைக்குமா என்று யோசித்து வரிசையை மாற்றுவது உங்களையே ஏமாற்றுவது. உண்மையில் எது வேண்டும் என்பது மட்டுமே கேள்வி. சிறிய மருத்துவமனையை முதலில் போட்டேன். மார்ச் 18 அன்று அதுவே வந்தது.

எல்லாம் திட்டப்படி நடக்கவில்லை. நேர்காணலில் என்னோடு அன்பாகப் பேசிய, யாரிடம் ஆய்வு செய்வேன் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேனோ அந்த இதயவியல் மருத்துவர், நான் சேர்ந்த பத்தாவது மாதம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். பாதியில் நின்ற ஆய்வை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போய் நின்றேன். ஒரே ஒரு மனிதரை நம்பி ஓர் இடத்தை முதலில் போடாதீர்கள். ஆய்வு செய்கிற ஆசிரியர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இதை நான் கேட்கத் தவறினேன். என் முதல் சி.சி.யு. பணியும் மே மாதத்தில்தான் போடப்பட்டிருந்தது. தலைமை ரெசிடென்டிடம் காரணத்தைச் சொல்லி, சக இன்டர்ன் (முதலாண்டு ரெசிடென்ட்) ஒருவரோடு மாற்றிக்கொண்டு நவம்பரில் செய்தேன். அந்தத் தோழி அன்று சம்மதிக்காவிட்டால் பின்னால் வந்தவை எதுவும் வந்திருக்காது.

2024 ஏப்ரலில் அட்லாண்டாவில் நடந்த ஏ.சி.சி. மாநாட்டில் போஸ்டர் வைத்தேன். ஜூலையில் விண்ணப்பம் போனது. புரோகிராம் இயக்குநரின் கடிதம் ஒன்று, இதயவியல் மருத்துவர்கள் தந்தவை மூன்று. டிசம்பர் முதல் வாரத்தில் முடிவு வந்தது. சொந்த மருத்துவமனையில் கிடைக்கவில்லை; அங்கே விண்ணப்பித்த எங்கள் நால்வரில் ஒருவரையே எடுத்தார்கள். என் இரண்டாவது விருப்பமாக இருந்த, வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. உள்ளேயே ஃபெலோஷிப் இருந்தால் இடம் உறுதி என்று எண்ணிச் சேர்ந்தவர்கள் அந்த வாரம் அழுததைப் பார்த்தேன்.

இப்போது நான் பயிலும் அந்த இடத்தின் நேர்காணலில் மூத்த மருத்துவர் ஒருவர் என் மதிப்பெண்களைப் பற்றியோ போஸ்டரைப் பற்றியோ கேட்கவில்லை. கையிலிருந்த கடிதம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே, "அந்த நவம்பர் இரவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். மாரடைப்போடு வந்தவர், துடிப்பு நிமிடத்துக்கு 30க்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, அட்டெண்டிங் வந்துசேர இருபது நிமிடம். மார்பில் பேட்களை ஒட்டி, மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்கவைக்கும் பேசிங்கைத் தொடங்கியது, நாடியைத் தொட்டு உறுதி செய்தது, அந்த நோயாளியின் மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ச் சொன்னது என எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையசைத்து, "அந்த அம்மாவைப் பற்றியும் இதில் எழுதியிருக்கிறார்" என்றார்.