நான்கு பெட்டைகள், ஒரு கடுவன்

செவலை என்ற நாயை நான் முதலில் பார்த்தது தாம்பரம் பக்கத்தில் உள்ள ஒரு விலங்குகள் காப்பகத்தில். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் சுருண்டு கிடந்தாள். யாரோ இரவில் வந்து வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கழுத்தில் பட்டை இருந்தது. ஒரு வீட்டில் சோறு தின்று வளர்ந்தவள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட்டாள்.

கரு முற்றியிருந்ததால் இனி ஈனத்தான் வேண்டும் என்றார் மருத்துவர். ஆனால் காப்பகத்தில் பிறக்கும் குட்டிகள் தப்புவது கடினம். தடுப்பூசி போடாத நாய்கள் வந்துகொண்டே இருக்கும் இடம் அது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமியோ தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். "குட்டிகள் தேறும் வரைக்கும் வைத்துக்கொள்கிறாயா, கண்ணு?" என்று அங்கே வேலை பார்க்கும் அக்கா கேட்டார். அப்பாவிடம்கூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன்.

எக்ஸ்ரேயில் ஐந்து மண்டையோடுகள் தெரிந்தன. தெம்புக்குக் கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார் மருத்துவர். ஈனுவதற்கு முன்பே வெளியிலிருந்து கால்சியம் கிடைத்துக்கொண்டிருந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் வேலையில் உடல் மந்தமாகிவிடுமாம். பிறகு பால் சுரக்கும் நாட்களில் இரத்தத்தில் கால்சியம் இறங்கி, நடுக்கமும் வலிப்பும் வரலாம். நல்ல எண்ணத்தில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்களோ என்று நினைத்தபோது எனக்குத் திக்கென்றது.

காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொன்னார். வழக்கமாக 38 டிகிரிக்கு மேலே இருக்கும் சூடு 37.2-க்குக் கீழே இறங்கினால், ஏறக்குறைய ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும். மழை கொட்டிய ஓர் ஐப்பசி மாலையில் 36.9 காட்டியது. செவலை சோற்றைத் தொடவில்லை. பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்குள் விரித்திருந்த அம்மாவின் பழைய புடவையைப் பிறாண்டிப் பிறாண்டி ஒரு மூலையில் குவித்தாள்.

முதல் குட்டி நள்ளிரவு தாண்டி வந்தது. மூன்று குட்டிகளை அவளே நக்கித் துடைத்து, கொடியைக் கடித்து, மடியில் சேர்த்துக்கொண்டாள். நான்காவது வந்தபோது தலையைத் தூக்கக்கூட அவளிடம் தெம்பில்லை. குட்டி பனிக்குடப் பைக்குள்ளேயே அசையாமல் கிடந்தது. பையை விரலால் கிழித்தேன். மெழுகுத்தாள் போல வழுக்கியது. மூக்கையும் வாயையும் துடைத்து, தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, துண்டால் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு என் உள்ளங்கையில் விலா எலும்பு ஒருமுறை விரிந்தது. இன்னொரு முறை விரிந்தது. அதன் பிறகுதான் கீச்சென்ற அந்தச் சத்தம். அப்படியே காம்பில் வைத்தேன். முதல் நாளின் சீம்பாலில்தான் நோயைத் தடுக்கும் சக்தி இருக்கிறது.

அடுத்த இரண்டு வாரம் சமையலறைத் தராசுதான் என் உலகம். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதினேன். மற்றவை ஏற, நான்காவது மட்டும் 240 கிராமிலிருந்து 225-க்கு இறங்கியது. குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, குப்புறப் படுத்த நிலையிலேயே வைத்துக் கொடுத்தேன். மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பு சில்லிட்டிருந்தால் பாலே கொடுக்கக் கூடாது, செரிக்காது. மின்சாரம் போன இரவில், சூட்டுக்காகப் போட்டிருந்த குண்டு பல்பு அணைந்துவிட, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கமாக வைத்துவிட்டு விடியும்வரை அப்பாவும் நானும் மாறி மாறி விழித்திருந்தோம். ஐந்தாம் நாள் 262 கிராம். அப்பாதான் அதை நோட்டில் எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் கண் திறந்தன. குடற்புழு மருந்து, கஞ்சி, வீடெங்கும் ஈரம், ஆறாம் வாரம் தடுப்பூசி என்று நாட்கள் ஓடின. பால் வற்றியபின் செவலைக்குக் கருத்தடை செய்தாயிற்று.

உண்மையான பாடு அதற்குப் பிறகுதான். வந்த அழைப்புகளில் பெரும்பாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கடுவனா, பெட்டையா?" இருந்த ஒரே கடுவனுக்குப் போட்டி. நான்கு பெட்டைகளை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. பருவம் வரும், வாசலில் நாய்கள் கூடும், குட்டி போடும் என்கிறார்கள். ஓர் அறுவை சிகிச்சையில் தீர்கிற விஷயம் இது. சென்னையில் ப்ளூ கிராஸ் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ய ஆரம்பித்தது 1964-இல். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் செவலையைப் போன்றவர்கள் கம்பியில் கட்டப்படுகிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

எட்டு வாரம் ஆகும்வரை எதையும் தரவில்லை. வீட்டைப் பார்க்காமலும் தரவில்லை. மாடிப்படிக்கு அடியில் சங்கிலி மாட்டி வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து குட்டியோடு திரும்பி வந்தேன். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்வதாக ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கினேன். அதற்காகவே பின்வாங்கியவர்களும் உண்டு, போகட்டும்.

கடைசியாக மிஞ்சியது நான்காவது. மேடவாக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், நான் வாயைத் திறக்கும் முன்பே, "எனக்குப் பெட்டைதான் வேண்டும், அம்மா. வாசலை விட்டு நகராது" என்றார். அன்று அவள் எடை நான்கு கிலோ. செவலை அவளை முகர்ந்து பார்த்துவிட்டு அப்பாவின் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். செவலையை யாரும் கேட்கவில்லை. இனி கேட்டாலும் அப்பா தருவதாக இல்லை.

போன வாரம் கண்டக்டரிடமிருந்து ஒரு படம் வந்தது. மல்லாந்து தூங்கும் நாய், மழித்த வயிற்றில் சின்னதாக ஒரு தையல். கீழே எழுதியிருந்தார்: "சொன்னபடி செய்துவிட்டேன், அம்மா. காலையில் சாப்பிட்டாள்."